புது ரயில், பழைய தடம்: கியூபெக் சிற்றியிலிருந்து வன்கூவர் வரை

திங்கள்: கியூபெக் சிற்றி – மொன்றியல்

பலே நிலையத்தில் புறப்படக் காத்து நிற்பது ஓர் எஞ்சினும் 5 பெட்டிகளும். எஞ்சின் இல்லாத முனையில் இருக்கும் பெட்டியின் மூக்கிலும் ஓட்டுநர் அறை ஒன்று உண்டு. 2018 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கிய பணத்தைக் கொண்டு, அந்த டிசெம்பரில் கனடாவின் அரச பயணி ரயில் நிறுவனமான வியா ரயில், ஜேர்மன் நிறுவனமான சீமென்ஸுடன் 989 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் போட்டது. அதில் வந்த 32 தொகுதிகளில் ஒன்றுதான் இது. கலிபோர்னியாவின் சக்ரமென்ரோ ஆலையில் கட்டப்பட்டது. பயணிகளை ஏற்றிக்கொண்டு முதல் தொகுதி ஓடியது 2022 நவம்பர் 8இல்.

அந்த இரண்டாவது ஓட்டுநர் அறையின் அருமை மொன்றியல் மத்திய நிலையத்தில்தான் தெரியும். மவுண்ட் ரோயல் சுரங்கத்தை நகர இலகு ரயிலான ரெம்முக்குக் கொடுத்த பிறகு, அந்த நிலையத்துக்குத் தென்பக்கமாக மட்டுமே நுழையலாம், வெளியேறலாம். கியூபெக் சிற்றியிலிருந்து ஒட்டாவாவுக்கு நேரே போகும் ரயில் அங்கே திசை மாறியே ஆகவேண்டும். ஒரு முனையில் மட்டும் எஞ்சின் உள்ள ரயில் என்றால் வேலை நீளும்: எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தடத்தால் சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் கோத்து, காற்றுக்குழாயையும் மின்கேபிள்களையும் பூட்டி, பிரேக் சோதனை செய்ய வேண்டும். அதைத் தவிர்க்க இரு முனையிலும் எஞ்சின் போட்டால் எரிபொருளும் பராமரிப்பும் கூடும். புதுத் தொகுதியில் ஓட்டுநர் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மறு அறைக்கு நடந்து போய், பிரேக்கைச் சோதித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

ஆசனம் தெரிவு செய்வோர் கவனிக்க: இருக்கைகள் சுழலாது. பாதி முன்னோக்கி, பாதி பின்னோக்கி. பின்னோக்கிப் போனால் தலை சுற்றும் என்பவர்கள் முன்பதிவின்போதே ஆசன வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள். ஆனால் மொன்றியலைத் தாண்டிப் போகிறவர்களுக்கு அங்கே எல்லாம் தலைகீழாகிவிடும். வணிக வகுப்பில் ஒரு பக்கம் ஒற்றை ஆசனம், மறுபக்கம் இரட்டை. சாதாரண வகுப்பில் இரண்டு, இரண்டு. ஆசன எண்கள் பிரெய்லியிலும் இருக்கின்றன. சக்கர நாற்காலி ஏற்றும் தூக்கி பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருப்பது பெரிய முன்னேற்றம். கனடாவில் பல மேடைகள் தாழ்வானவை. நிலையத்தில் தூக்கி இருக்கிறதா, அதை இயக்க ஆள் இருக்கிறாரா என்று கேட்டுத் திரிய வேண்டியதில்லை.

எஞ்சின் “சார்ஜர்” என்ற மாதிரி, வலு 4,200 குதிரைவலு. உள்ளே 16 சிலிண்டர் கம்மின்ஸ் டீசல். பழைய எஃப்40 எஞ்சினின் வலு 3,000. புதியதில் புகையைச் சுத்தம் செய்ய 32.5 வீத யூரியாக் கரைசல் வேண்டும். அது மறை 11 பாகையில் உறைந்துவிடும். கியூபெக் குளிருக்கு அது ஒன்றுமேயில்லை என்பதால், யூரியாத் தாங்கிக்கும் குழாய்களுக்கும் சூடேற்றி தேவை. பணிமனையில் தனியாகச் சேமிப்புத் தொட்டி தேவை. புது எஞ்சின் வாங்கும்போது கூடவே வாங்கவேண்டிய இப்படியான சில்லறைச் சாமான்களின் பட்டியல் நீளமானது. அதையும் ஒப்பந்தத்தோடு எழுதிக்கொள்ளாத நிர்வாகம் பின்னால் திண்டாடும்.

மொன்றியலுக்குள் நுழைவது 1859இல் திறந்த விக்ரோரியா பாலத்தால். சென் லோரன்ஸ் கடல்வழிக் கப்பல்களுக்காகப் பாலத்தின் ஒரு பகுதி உயரும். ரயிலை மாற்றுப் பாதையால் விட வசதி இருக்கிறது. ஆனாலும் கப்பல் பருவத்தில் அங்கே சில நிமிடம் போகலாம்.

செவ்வாய்: மொன்றியல் – ஒட்டாவா – ரொறன்ரோ

இந்தப் பயணத்தில் ஒருவர் பாடமாகவே படிக்கவேண்டிய பகுதி இதுதான். ஏனென்றால் தடம் யாருடையது என்பது வழிநெடுக மாறுகிறது, அதோடு ரயிலின் நடத்தையும் மாறுகிறது.

மொன்றியலிலிருந்து கோட்டோ வரை சீ.என். சரக்கு நிறுவனத்தின் தடம். கோட்டோவிலிருந்து ஒட்டாவா, அங்கிருந்து சிமித்ஸ் ஃபோல்ஸ், புரொக்வில் வரை வியாவின் சொந்தத் தடம். புரொக்வில்லிலிருந்து கிங்ஸ்ரன் ஊடாக ரொறன்ரோ வரை மறுபடியும் சீ.என். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் வியா ஓடும் தடத்தில் ஏறத்தாழ 3 வீதம்தான் அதற்குச் சொந்தம். பெரும்பகுதி சீ.என். கையில். புது ரயில் மணிக்கு 200 கிலோமீற்றர் ஓடக்கூடியது. தடம் அனுமதிப்பது 160. ரொறன்ரோ–மொன்றியல் 539 கிலோமீற்றரை 4 மணிக்குள் முடித்த ரயில் 1990களில் இருந்தது. இன்றைய அட்டவணை 5 மணியைத் தாண்டுகிறது. வண்டி வேகமானது, பயணம் மெதுவானது.

இதற்கு மேலே 2024 ஒக்ரோபரில் இன்னொரு சிக்கல் வந்து சேர்ந்தது. புதுத் தொகுதிகள் தன் தடத்திலுள்ள வீதிக் கடவைகளை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து, தடுப்பு இறங்கிவிட்டதைக் கண்ணால் உறுதி செய்த பிறகே கடக்கவேண்டும் என்று சீ.என். உத்தரவு போட்டது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. இதை வெறும் நிறுவனச் சண்டை என்று கடந்துபோகக் கூடாது. உள்ளே இருப்பது பௌதிகம்.

கடவை எப்படி வேலை செய்கிறது? இரு தண்டவாளங்களுக்கும் இடையே சிறு மின்னோட்டம் விடப்பட்டிருக்கிறது. ரயில் வந்ததும் அதன் சில்லும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்து மின்சுற்றைக் குறுக்கிவிடும். கருவி அந்த மாற்றத்தைப் பார்த்து, ரயில் எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணக்கிட்டு மணியை அடித்து, தடுப்பை இறக்கும். ரயில் கடவையை அடைவதற்குக் குறைந்தது 20 வினாடி முன்பாவது எச்சரிக்கை தொடங்கவேண்டும். இதெல்லாம் சில்லும் தண்டவாளமும் சுத்தமாகத் தொட்டால்தான். இடையில் துரு, மணல், நசிந்த இலைக்கூழ், எண்ணெய்ப் பிசுக்கு என்று ஒரு மெல்லிய படலம் இருந்தாலும் தொடுகை கெடும். அப்போது கருவி ரயிலை ஒரு கணம் “இழந்துவிடும்”; கணக்கு பிழைத்து, தடுப்பு பிந்தி இறங்கலாம்.

பாரமான, நீளமான ரயிலில் இந்த ஆபத்து குறைவு. நூற்றுக்கணக்கான அச்சுகளில் எது ஒன்றாவது நன்றாகத் தொட்டுக்கொண்டே இருக்கும். புதுத் தொகுதியில் எஞ்சினோடு 6 வண்டிகள், வண்டிக்கு 4 அச்சு, மொத்தம் 24. சீ.என். எதிர்பார்ப்பது 32. இன்னொன்றும் உண்டு: சில்லின் ஓடுபரப்பில் கட்டை உரசும் பழைய பிரேக், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் சில்லைத் துலக்கிவிடும். தட்டுப் பிரேக் அந்த வேலையைச் செய்யாது.

தீர்வுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. தொடுகையை மேம்படுத்தும் மின்கருவியை வண்டியின் அடியில் பொருத்தலாம். ஆனால் தட உரிமையாளர் அதைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு தொகுதிகளைக் கோத்தால் 48 அச்சு வந்துவிடும். மேடை நீளம் போதாது, ஓட்டங்களின் எண்ணிக்கையும் பாதியாகும். கடவைக் கருவிகளை மாற்றலாம், அவை சீ.என். சொத்து, பணம் யார் தருவது என்ற கேள்வி எழும். பெட்டி ஒன்றிரண்டைக் கூட்டலாம். அதற்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவின் இலினோயில் சீ.என். தடத்தில் ஓடும், அந்நாட்டுப் பயணி ரயில் நிறுவனமான அம்ட்ராக்கின் ரயில்களுக்கும் இதே அச்சு எண்ணிக்கை நிபந்தனை பல ஆண்டுகளாக இருந்தது. அதை எட்டுவதற்காகவே அங்கே மேலதிகப் பெட்டி இழுத்தார்கள். எனவே வண்டிக்குக் கையெழுத்திடும் நாளிலேயே, தடத்தின் சொந்தக்காரரிடம் அச்சு எண்ணிக்கை பற்றி எழுத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 989 மில்லியன் டொலர் வண்டியின் ஓட்டத்தை மில்லிமீற்றர் கணக்கில்கூட வராத துருப்படலம் தடுக்க விட்டிருக்கக் கூடாது.

பயணிக்கு இதன் பொருள்: ரொறன்ரோவில் வேறு ரயிலோ விமானமோ பிடிக்க இருப்பவர்கள் குறைந்தது இரண்டு மணி இடைவெளி வையுங்கள். நாளை காலை மேற்கே போகும் “கனேடியன்” ரயிலைப் பிடிக்கிறீர்கள் என்றால் இன்றிரவே ரொறன்ரோவில் தங்குங்கள். அந்த ரயில் தவறினால் அடுத்தது வர மூன்று, நான்கு நாள்.

அதிவேகத் திட்டத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 2025 பெப்ரவரி 19இல் அன்றைய பிரதமர் ட்ரூடோ அறிவித்த “ஆல்ரோ” ரொறன்ரோவிலிருந்து கியூபெக் சிற்றி வரை சுமார் 1,000 கிலோமீற்றர். வேகம் 300 வரை. திட்டமிடல் கட்டத்துக்கு மட்டும் 6 ஆண்டுகளில் 3.9 பில்லியன் டொலர். முதலில் கட்ட இருப்பது ஒட்டாவா–மொன்றியல் துண்டு. பயணிகளுக்கென்றே தனித் தடம் என்பதுதான் அதன் உயிர்நாடி. வேகம் இரண்டாவது விடயம். ஆனால் அது வரும் வரைக்கும் மேலே சொன்ன கடவைகளைத்தான் தினமும் கடக்கவேண்டும். அதற்கான பணத்தை ஆல்ரோவின் பெயரால் தள்ளிப்போடுவது பிழை.

புதன்: ரொறன்ரோ – வட ஒன்ராறியோ

யூனியன் நிலையம், காலை. புதுத் தொகுதிகள் இங்கே தங்கிவிடுகின்றன. வன்கூவர் நோக்கி 4,466 கிலோமீற்றர் போகும் கனேடியன், 1954–55இல் பிலடெல்பியாவின் பட் நிறுவனம் கட்டிய துருவேறா எஃகுப் பெட்டிகளில் ஓடுகிறது. அவை கனேடியன் பசிபிக் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட 173 பெட்டிகளின் மிச்சம். 1990களின் தொடக்கத்தில் நீராவிச் சூட்டை எடுத்துவிட்டு, எஞ்சினிலிருந்து 480 வோல்ற் மின்சாரம் வரும்படி மாற்றினார்கள். வெளிச்சம், சூடு, சமையலறை எல்லாம் அந்த ஒரு கேபிள் வழியில்தான். இரு பெட்டிகளுக்கு நடுவே ஓர் இணைப்பு பழுதானால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாப் பெட்டிகளும் இருளும், குளிரும்.

உடல் எஃகு நன்றாகவே இருக்கும். பிரச்சினை கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: தரைக்கு அடியிலுள்ள சட்டம், முனைத் தூண்கள், தண்ணீர் தேங்கும் மூலைகள். சில பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில் கட்டமைப்பின் வலு பற்றிச் சந்தேகம் எழுந்ததால், 2022 ஒக்ரோபரில் பயணிகள் ஏறாத காலிப் பெட்டிகளை ரயிலின் முனைகளில் சேர்த்து ஓட்டவேண்டி வந்தது. மோதல் நடந்தால் அடியை முதலில் அவை வாங்கும் என்பது கணக்கு. 70 வயதுப் பெட்டியை எவ்வளவு அன்போடு பராமரித்தாலும் இந்த நாள் ஒருநாள் வரும்.

அறை தெரிவு செய்வோருக்கு: ஒருவர் அறையில் கழிப்பிடம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கட்டிலை விரித்த பிறகு அதைப் பாவிக்க முடியாது. இரவில் எழுபவர்கள் நடைபாதைக் கழிப்பறைக்குப் போகவேண்டும், அல்லது கட்டிலை மடிக்கவேண்டும். திரைச்சீலைப் படுக்கைகளில் கீழ்ப்படுக்கை அகலமானது, யன்னலும் உண்டு. மேல்படுக்கைக்கு யன்னல் இல்லை, விலை குறைவு. படுக்கை வகுப்பில் சாப்பாடும் குளியலறையும் கட்டணத்தில் அடக்கம். ஆசன வகுப்பில் சாப்பாடு தனிக் காசு. நான்கு இரவு ஆசனத்தில் போவோர் கழுத்துத் தலையணை, போர்வை, உலர் உணவு கொண்டுபோவது அவசியம். ரயிலில் இணைய வசதி கிடையாது. சட்பரி தாண்டினால் தொலைபேசி அலையும் மணிக்கணக்கில் இராது. தேவையான வரைபடங்களை இங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

வியாழன்: ஹோர்ன்பெய்ன் – சூ லுக்கவுட் – வின்னிப்பெக்

பாறை, ஏரி, ஊசியிலைக் காடு, பிறகு சைடிங் என்னும் ஒதுங்கு தடம். மறுபடி பாறை, ஏரி, சைடிங்.

இங்கே ஒற்றைத் தடம். எதிர்த்திசையில் ஒரு ரயில் வந்தால் ஒன்று பக்கத் தடத்துக்கு ஒதுங்கவேண்டும். சரக்கு ரயில்கள் இப்போது 3 கிலோமீற்றரையும் தாண்டுகின்றன. பல சைடிங்குகள் அவை கட்டப்பட்ட காலத்து ரயில் நீளத்துக்கே ஆனவை. நீளமான சரக்கு ரயில் உள்ளே அடங்காது. அரைக் கிலோமீற்றர்ப் பயணி ரயில் அடங்கும். ஆகவே யாருக்கு முன்னுரிமை என்று கேட்பதற்கு முன்பே, ஒதுங்கப் போவது யார் என்பதை நீளமே தீர்மானித்துவிடுகிறது. அமெரிக்காவில் பயணி ரயிலுக்கு முன்னுரிமை தரும் சட்டம் 1973 முதல் உண்டு. கனடாவில் அதற்கு ஈடான சட்டம் இல்லை. சட்டம் வந்தாலும் நீளமான சைடிங் இல்லாமல் பாதிப் பயன்தான். சில சைடிங்குகளை நீட்ட அரசு பணம் போட்டு, அதற்குப் பதிலாக நேர உத்தரவாதத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால், புதுப் பெட்டி வாங்குவதைவிட அந்த டொலர் அதிக நிமிடங்களைக் காப்பாற்றும்.

வியாவின் பணம் எப்படி வருகிறது என்பதும் இந்தக் காத்திருப்போடு ஒட்டிய சங்கதி. 1977இல் தொடங்கி 1978இல் தனி அரச கூட்டுத்தாபனமான வியாவுக்கு என்று நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் கிடையாது. ஆண்டுதோறும் நிறுவனத் திட்டம் எழுதி, திறைசேரிச் சபை ஒப்புதல் பெற்று, இயக்கச் செலவுக்கும் மூலதனத்துக்கும் நாடாளுமன்றம் வாக்களிக்கும் ஒதுக்கீட்டில் வாழ்கிறது. அரசு மாறினால் ரயில் மாறும். 1981இல் வலையமைப்பில் சுமார் 20 வீதம் போனது. 1990 ஜனவரி 15இல் வாராந்த ரயில்கள் 405இலிருந்து 191ஆக வெட்டப்பட்டன. அன்றுதான் கனேடியன் தன் பழைய கனேடியன் பசிபிக் பாதையை விட்டு இந்தச் சீ.என். பாதைக்கு வந்தது. தண்டர் பே, ரெஜைனா, கல்கரி எல்லாம் ஒரே நாளில் நாட்டுக்குக் குறுக்கான ரயிலை இழந்தன. 2012இல் மொன்றியல்–ஹலிபக்ஸ் ஓடும் ஓஷன் ரயில் வாரம் 6இலிருந்து 3 ஆனது. 30 ஆண்டு ஓடவேண்டிய வண்டியை, 12 மாதம் மட்டுமே உறுதியான பணத்தை நம்பி யாரால் திட்டமிட முடியும்?

இந்தப் பகுதியில் அட்டவணையில் நட்சத்திரக் குறியிட்ட சிறு நிறுத்தங்கள் முன்கூட்டிச் சொன்னால்தான் உண்டு. வீதியே இல்லாத மீன்பிடி முகாம்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இந்த ரயில்தான் வழி. இலாப நட்டக் கணக்கை மட்டும் வைத்து இந்தச் சேவையை அளப்பவர்கள், ஒருமுறை இங்கே இறங்கும் சாமான்களைப் பார்க்கட்டும்.

வெள்ளி: சஸ்கற்றூன் – எட்மன்ரன்

சமவெளி, சுருக்கமாகவே எழுதலாம். மணிக்கூட்டைக் கவனியுங்கள்: சஸ்கச்சுவான் கோடைக்கு நேரம் மாற்றுவதில்லை, கோடையில் அது அல்பேர்ட்டாவின் நேரத்தோடு ஒன்றும். சஸ்கற்றூன் நிலையமும் எட்மன்ரன் நிலையமும் நகர மையத்தில் இல்லை. இறங்குவோர் வாடகைக் கார் சொல்லி வையுங்கள், குறிப்பாக எட்மன்ரனுக்கு ரயில் இரவில் வருவதால்.

சனி: ஜாஸ்பர் – கம்லூப்ஸ்

மலைக்குள் ரயில் நுழையும்போது குவிமாடப் பெட்டியில் இடம் பிடிக்க முந்துங்கள். வளைந்த கண்ணாடிக்கு மேலே சிகரமும் முன்னே ரயிலின் முழு நீளமும் தெரியும். வளைவில் இரண்டு எஞ்சின்கள் முதலில் திரும்ப, ஒவ்வொரு பெட்டியாக வெள்ளி மின்னி மின்னித் திரும்பும்.

இந்தக் குவிமாடம் புது ரயிலில் இருக்குமா என்பதே இங்கே எல்லோரும் பேசும் பேச்சு. 2024 வரவு செலவுத் திட்டம் நீள்தூர, தொலைபகுதி ரயில்களைப் புதுப்பிக்கப் பணம் தருவதாகச் சொன்னது. குவிமாடத்தில் ஆசை இருப்பது நியாயம். ஆனால் முதலில் உறுதி செய்யவேண்டியவை வேறு.

தண்ணீர்க் குழாய்: மறை 40 பாகையில், மின்சாரம் சில நிமிடம் நின்றாலும் உறைந்து வெடிக்கும். குழாய்கள் வெப்பமான உட்சுவர் ஓரமாக ஓடவேண்டும். மின்சாரம் போனால் தானாகத் தண்ணீரை வெளியேற்றும் வால்வு வேண்டும். அந்த வால்வுக்கு ஊழியர் கை எட்டவேண்டும். சக்கர நாற்காலி: ஒரு பெட்டியில் மட்டும் அறை வைத்தால் போதாது, அங்கிருந்து சாப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் நடைபாதை அகலமும் வேண்டும். வலு: வட அமெரிக்க விதிப்படி பெட்டியின் சட்டம் 8 இலட்சம் இறாத்தல் நெருக்கத்தைத் தாங்கவேண்டும், அதனால் ஐரோப்பிய இரவு ரயிலை அப்படியே வாங்கிவர முடியாது. பணிமனை: வின்னிப்பெக், வன்கூவரில் குழியும் தூக்கியும் உதிரிப்பாகமும் ஆளும் வண்டிக்கு முன்பே தயாராக வேண்டும். கடைசியாக எண்ணிக்கை. இந்தக் கண்டத்தில் படுக்கைப் பெட்டி வாங்குவோர் மிகச் சிலர். சிறு கட்டளைக்குப் பெட்டி ஒன்றின் விலை ஏறும். ஆலை மூடிய பிறகு ஒரு பெட்டி விபத்தில் போனால் மாற்று கிடையாது. எனவே தொடக்கத்திலேயே உபரிப் பெட்டியும், பின்னர் கூட்டி வாங்கும் உரிமையும் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும்.

கம்லூப்ஸ் தாண்டினால் பிரேசர் பள்ளத்தாக்கில் ஒரு நல்ல ஏற்பாட்டைக் காணலாம். ஆற்றின் ஒரு கரையில் சீ.என்., மறுகரையில் கனேடியன் பசிபிக். இரு நிறுவனமும் உடன்பட்டு, மேற்கே போகும் ரயில்களைச் சீ.என். தடத்திலும் கிழக்கே போகும் ரயில்களை மற்றதிலும் விடுகின்றன. இரண்டு ஒற்றைத் தடங்கள் சேர்ந்து ஓர் இரட்டைத் தடமாகிவிட்டன. புதிதாக ஒரு தண்டவாளமும் போடாமல் காத்திருப்பு குறைந்தது.

ஞாயிறு: வன்கூவர்

அட்டவணைப்படி காலையில் வந்துசேரும் தொகுதி, திங்கள் பிற்பகல் மறுபடி கிழக்கே கிளம்பவேண்டும். இடையில் ஏறத்தாழ ஒரு நாளும் சில மணிகளும். அதற்குள் முழு ரயிலையும் கழுவி, கழிவுத் தாங்கியை வெறுமையாக்கி, தண்ணீர் நிரப்பி, எல்லாப் படுக்கைக்கும் விரிப்பு மாற்றி, சமையலறைக்குச் சாமான் ஏற்றி, சில்லையும் பிரேக்கையும் சோதிக்கவேண்டும். ரயில் 12 மணி பிந்தினால் இந்த நேரம்தான் கரைகிறது. முதலில் விடுபடுவது அவசரமில்லாத பழுது: இறுகிய கதவு, சூடாகாத அறை. அடுத்த வாரப் பயணியின் முறைப்பாடு இங்கேதான் பிறக்கிறது.

ரொறன்ரோவிலிருந்து புதனும் ஞாயிறும், வன்கூவரிலிருந்து திங்களும் வெள்ளியும் ரயில். ஒரு தொகுதி போய், திரும்பி, மறுபடி புறப்பட 10 அல்லது 11 நாள். வாரம் இரண்டு ஓட்டத்துக்கு, ஒன்றும் பிழைக்காவிட்டால், 3 தொகுதிகள் போதும். வாரம் மூன்றாக்க 5 வேண்டும். பயணியிடம் கேட்டால் ரயில் கூடுதல் நாள் ஓடவேண்டும் என்பார். பணிமனையிடம் கேட்டால் தொகுதி இல்லை என்பார்கள். இருவர் சொல்வதும் சரி. புதுப் பெட்டிக் கட்டளையில் 3 தொகுதிக்கான எண்ணிக்கை எழுதப்பட்டால், அடுத்த 40 ஆண்டுக்கும் வாரம் இரண்டு ரயில் என்றே ஆகிவிடும். விலைமனு ஆவணத்தில் முதலில் தேடிப் பார்க்கவேண்டியது அந்த எண்.